ஜூனில் வென்றவரின் சூடு நவம்பர் வரை தாங்குமா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் யூனிட்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெயருக்கு ஒற்றுமை என்று பொருள். 2008 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த பிரைமரி தேர்தலில் அந்த ஊரில் பராக் ஒபாமாவுக்கு 107 வாக்குகள் விழுந்தன. ஹிலாரி கிளின்டனுக்கும் அதே 107. அந்த ஆண்டு ஜூன் 27 அன்று இருவரும் அங்கே ஒரே மேடையில் ஏறினார்கள். ஊர்ப் பெயரையும் வாக்குக் கணக்கையும் பார்த்தே தேர்ந்தெடுத்த இடம் அது. ஐந்து மாதம் மாநிலம் மாநிலமாக மோதிக்கொண்டவர்கள், இனி நாங்கள் ஒரே அணி என்று காட்ட வேண்டியிருந்தது.

ஒபாமா வென்று அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. அவரை ஆதரித்தவர்கள் பலர் மனதில் அந்த நாட்களில் ஒரு பயம் இருந்தது. ஜனவரியில் அயோவா மாநிலத்தில் பேசிய மனிதரைப் பார்த்தால் உடம்பு சிலிர்த்தது. இப்போது பேசுகிறவர் நிதானமாக, அளந்து, வழக்கறிஞர் போலப் பேசுகிறாரே, அந்த வேகம் எங்கே போனது? நவம்பர் வரை இது தாங்குமா?

ஒபாமாவோடு தொடங்கிய கேள்வி இல்லை இது, அவரோடு முடியப்போவதும் இல்லை. ஆனால் அதற்கு விடை தேட 2008ஐப் போல வசதியான தேர்தல் வேறில்லை. அந்தக் கோடையில் என்ன நடந்தது என்பது விவரமாகப் பதிவாகியிருக்கிறது.

முதலில் பிரைமரி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை அறிவிக்கும். வாக்காளருக்கு அதில் பேச்சே கிடையாது. அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதையும் வாக்காளர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். சில மாநிலங்களில் வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களிப்பார்கள். சிலவற்றில் காக்கஸ் என்ற பெயரில் அக்கம்பக்கத்தார் மாலையில் ஒரு பள்ளியிலோ தேவாலயத்திலோ கூடி, யார் யார் பக்கம் என்று அங்கேயே முடிவு செய்வார்கள். ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை, மாநிலம் மாநிலமாக நடக்கும். சரியாகச் சொன்னால் இது ஒரு பங்காளிச் சண்டை. ஒரே கட்சிக்காரர்கள், ஏறக்குறைய ஒரே கொள்கை. அதனால் சண்டை கொள்கையில் நடப்பதைவிட உணர்வில்தான் அதிகம் நடக்கும். யாரைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது, யாருக்காக விடுமுறை எடுத்துக்கொண்டு பனியில் நடக்கத் தோன்றுகிறது என்பதில்தான் வெற்றி தோல்வி.

அயோவாவில் 2004இல் ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 1.25 லட்சம் பேர். 2008 ஜனவரி 3 அன்று வந்தவர்கள் ஏறக்குறைய 2.39 லட்சம். குளிர்கால மாலையில் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒபாமாவுக்கு 38 விழுக்காடு கிடைத்தது; ஜான் எட்வர்ட்ஸும் ஹிலாரியும் 30ஐ ஒட்டி நின்றார்கள். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷையரில் ஒபாமா தோற்றார். தோற்ற இரவில் பேசிய பேச்சில்தான் ‘எஸ் வீ கேன்’ என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது. தோல்வியைக்கூட உற்சாகமாக மாற்றும் அளவுக்கு அந்த வேகம் இருந்தது.

அப்படியானால் ஜூனில் அது ஏன் குறைந்ததுபோலத் தெரிந்தது? ஒபாமா மாறிவிட்டார், பணக்காரர்களும் ஆலோசகர்களும் சூழ்ந்துவிட்டார்கள் என்று பலர் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதைவிட எளிய காரணம் ஒன்றைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அது நாட்காட்டி.

பிரைமரி காலத்தில் பெரும்பாலான வாரங்களில் ஏதோ ஒரு முடிவு வரும். பிப்ரவரி 5 அன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள். அப்புறம் பிப்ரவரி முழுக்க ஒபாமா வரிசையாக ஜெயித்தார். மார்ச் 4 ஒஹையோ, டெக்சஸ். ஏப்ரல் 22 பென்சில்வேனியா. மே 6 இண்டியானா, வட கரோலினா. செவ்வாய்க்கிழமை வந்தால் வாக்கு எண்ணிக்கை, இரவில் மேடைப் பேச்சு, மறுநாள் காலை அடுத்த மாநிலம். தொண்டர் ஒருவர் சனிக்கிழமை தட்டிய கதவின் பலனைச் செவ்வாயன்று தொலைக்காட்சியில் பார்க்கலாம். ஜூன் 3 அன்று மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஒபாமா வெற்றியை அறிவித்தபோது இது அப்படியே நின்றுபோனது. அதற்குப் பிறகு அடுத்த முடிவு நவம்பர் 4 அன்றுதான். இடையில் ஐந்து மாதம். ஒரு முடிவும் இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இங்கே கஞ்சி ஆறுவதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அடுப்பு தானாகவே அணைந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. பிரைமரியில் ஒபாமாவுக்கு விழுந்தவை ஏறக்குறைய 1.75 கோடி வாக்குகள். நவம்பரில் அவர் பெற்றவை 6.95 கோடி. அதாவது, ஜூனில் அவர் கையில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஈடாக இன்னும் மூன்று பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த மூன்று பேர் யார்? ஹிலாரிக்கு வாக்களித்து மனம் நொந்திருந்தவர்கள். அரசியலை அவ்வளவாகப் பின்தொடராதவர்கள். முந்தைய தேர்தலில் புஷ்ஷுக்கு வாக்களித்துவிட்டு இப்போது யோசிப்பவர்கள். முதல் ஆளைச் சிலிர்க்க வைத்த பேச்சு இந்த மூன்று பேரையும் சிலிர்க்க வைக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு அது எரிச்சலாகவே இருக்கும். வேட்பாளர் குரலைத் தாழ்த்தினால் பழையவர்கள் சோர்வார்கள், தாழ்த்தாவிட்டால் புதியவர்கள் வரமாட்டார்கள்.

பிரைமரியில் ஓரத்துக்கு ஓடு, வென்றதும் நடுவுக்குத் திரும்பு என்று ரிச்சர்ட் நிக்சன் சொன்னதாக ஒரு பழைய அறிவுரை அங்கே புழங்குகிறது. அதை அப்பட்டமாகச் சொல்லி மாட்டிக்கொண்டவரும் உண்டு. 2012 மார்ச்சில், குடியரசுக் கட்சியின் பிரைமரியில் போட்டியிட்ட மிட் ராம்னியின் ஆலோசகர் எரிக் ஃபெர்ன்ஸ்ட்ரம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பொதுத்தேர்தல் வரும்போது எல்லாவற்றையும் எட்ச் எ ஸ்கெட்ச் போல அசைத்துவிட்டுப் புதிதாக வரைந்துகொள்ளலாம் என்றார். எட்ச் எ ஸ்கெட்ச் என்பது குழந்தைகள் படம் வரையும் பலகை; குலுக்கினால் வரைந்தது அழிந்துவிடும். ராம்னியை எதிர்த்த ரிக் சாண்டோரமும் நியூட் கிங்ரிச்சும் அந்தப் பொம்மையையே கையில் எடுத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். ராம்னி மீது பலருக்கு முன்பே இருந்த சந்தேகத்துக்கு அந்த ஒரு பேட்டி உருவம் கொடுத்துவிட்டது.

குரலைத் தாழ்த்தியதால் கெட்டவர்களில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாக்கிஸை மறக்க முடியாது. 1988 ஜூலையில் கட்சி மாநாடு முடிந்தபோது கருத்துக்கணிப்பில் 17 புள்ளிகள் முன்னிலை. மாநாட்டு உரையிலேயே, இந்தத் தேர்தல் சித்தாந்தத்தைப் பற்றியது இல்லை, திறமையைப் பற்றியது என்று சொல்லிவிட்டார். கோடையில் பெரும் பகுதியை மாசசூசெட்ஸ் ஆளுநர் வேலையிலேயே கழித்தார். அக்டோபர் விவாதத்தில், உங்கள் மனைவியை யாரோ வல்லுறவு செய்து கொன்றுவிட்டால் அவனுக்கு மரண தண்டனை கேட்பீர்களா என்று கேட்டார்கள். கொடூரமான கேள்விதான். ஆனால் அவர் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லாமல் குற்றப் புள்ளிவிவரம் பேசியதைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. நவம்பரில் 40 மாநிலங்களை இழந்தார்.

தாழ்த்தாமல் கெட்டவர்களும் உண்டு. 1964 ஜூலையில் பேரி கோல்ட்வாட்டர் சான் பிரான்சிஸ்கோ அருகே குடியரசுக் கட்சி மாநாட்டில் நின்று, சுதந்திரத்தைக் காப்பதில் தீவிரம் குற்றமில்லை என்றார். அரங்கம் அதிர்ந்தது. நாடு அஞ்சியது. 44 மாநிலங்களில் தோற்றார். ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன் 1972இல் வியட்நாம் போருக்கு எதிரான இளைஞர்களின் வேகத்தில் பிரைமரிகளை வென்றார். மாநாட்டில் சச்சரவு நீண்டுகொண்டே போனதால் அவர் தன் வாழ்க்கையின் முக்கியமான உரையை ஆற்றியபோது விடியற்காலை மூன்று மணி ஆகப்போகிறது. நாடு தூங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் துணை அதிபர் வேட்பாளர் டாமஸ் ஈகிள்டன் மனச்சோர்வுக்காக மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்று தெரியவந்தது. முதலில் அவருக்கு முழு ஆதரவு என்று சொல்லிவிட்டு, சில நாட்களிலேயே அவரை விலக வைத்தார் மெக்கவர்ன். மிஞ்சியது மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும்தான்.

இப்படி இரண்டு பக்கமும் தோற்றவர்கள் இருக்கிறார்கள் என்றால், குரலை ஏற்றுவதா இறக்குவதா என்ற கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேகம் வேட்பாளரின் தொண்டையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அங்கேயே தேடுகிறோம். 2008 கோடை வேறு இடத்தைக் காட்டுகிறது.

ஜூன் 19 அன்று ஒபாமா அரசு தரும் தேர்தல் நிதி வேண்டாம் என்று அறிவித்தார். அதை ஏற்றால் 8.4 கோடி டாலர் கிடைக்கும், ஆனால் அதற்குமேல் செலவு செய்ய முடியாது. 1976இல் அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்ததிலிருந்து பொதுத்தேர்தலில் அதை மறுத்த முதல் பெரிய கட்சி வேட்பாளர் அவர். எதிரணியும் ஏற்றால் தானும் ஏற்பதாக முன்பு சொல்லியிருந்தவர். வாக்கு மாறியது என்பதை மறைக்க முடியாது. அடுத்த நாள், ஜூன் 20, அதைவிட ஆழமாக வெட்டிய செய்தி வந்தது. புஷ் ஆட்சியில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் நடந்த ஒட்டுக்கேட்புக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்கள் மீது வழக்குப் போட முடியாதபடி, பின்தேதியிட்டுப் பாதுகாப்புத் தரும் ஒரு மசோதா. அப்படிப்பட்ட மசோதாவைத் தடுக்க முனைவேன் என்று 2007 அக்டோபரில் அவர் தரப்பு சொல்லியிருந்தது. இப்போது, குறைகள் இருந்தாலும் சமரசத்தை ஆதரிப்பேன் என்றார்.

அவருடைய ஆதரவாளர்கள் கொதித்தார்கள். எங்கே கொதித்தார்கள் என்பதுதான் முக்கியம். ஒபாமாவின் பிரசார இணையதளத்தில் தொண்டர்கள் தாங்களே குழு தொடங்கிக்கொள்ள இடம் இருந்தது. ஃபேஸ்புக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் ஹியூஸ் அமைத்துக்கொடுத்த தளம். அந்தத் தளத்திலேயே, இந்த மசோதாவுக்கு எதிராக வாக்களியுங்கள் என்று அவரைக் கேட்கும் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். சில நாட்களில் அதுதான் அந்தத் தளத்திலேயே பெரிய குழு. 20,000 பேருக்கு மேல். வேட்பாளரின் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வேட்பாளரையே கேள்வி கேட்டார்கள். பிரசாரக் குழு அதை மூடவில்லை. ஜூலை 3 அன்று ஒபாமா அவர்களுக்கு எழுத்தில் பதில் சொன்னார்: என் முடிவு மாறாது, உங்கள் கோபம் புரிகிறது, இதில் நாம் ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்ற பொருளில். ஜூலை 9 அன்று செனட்டில் மசோதா 69க்கு 28 என்று நிறைவேறியது. ஒபாமா ஆதரவாக வாக்களித்தார். ஹிலாரி எதிர்த்து வாக்களித்தார்.

அந்த வாக்கு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் தேர்தலைப் பொறுத்தவரை அந்த மூன்று வாரங்களில் நான் பார்ப்பது வேறு. தங்களுக்குச் சொந்தம் என்று நினைக்கிற ஒன்றைப் பற்றித்தான் மனிதர்கள் அப்படிக் கோபப்படுவார்கள். சூடு குறைந்தவர்கள் குழு தொடங்கி மன்றாட மாட்டார்கள், பேசாமல் போய்விடுவார்கள். வேட்பாளர் நடுவுக்கு நகர்ந்தபோதும் அவர்களிடம் வேகம் அப்படியே இருந்தது. கொஞ்ச நாள் அவரையே நோக்கித் திரும்பியது, அவ்வளவுதான்.

அந்தச் சொந்தம் எப்படி வந்தது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், மேடைப் பேச்சுகளில் கண்ணை வைத்திருந்த பலர் தவறவிட்ட பகுதி இது.

2007 கோடையிலேயே கேம்ப் ஒபாமா என்ற பயிற்சி முகாம்கள் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஹார்வர்டில் கற்பித்த மார்ஷல் கான்ஸ். சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் 16 ஆண்டு வேலை செய்தவர். முகாமுக்கு வந்தவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரரிடம் நீ ஏன் வந்தாய் என்ற உன் கதையைச் சொல்வது எப்படி என்பதை. முதலில் என் கதை, அப்புறம் நம் கதை, அப்புறம் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும். ஒபாமா என்ன சொன்னார் என்பதை ஒப்பிப்பது அங்கே பாடமே இல்லை.

அடுத்து, வேலை. வந்தவரை ஒரு பட்டியலில் எழுதி வைத்துவிட்டுப் பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதோடு நிறுத்தவில்லை. முதலில் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு வரச் சொல்வார்கள். வந்தால் தொலைபேசிப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதை முடித்தால், அடுத்த வாரம் நான்கு பேரைக் கூட்டி வரச் சொல்வார்கள். நன்றாகச் செய்தால், இந்தத் தெருக்கள் இனி உங்கள் பொறுப்பு என்று ஒரு வட்டாரத்தையே ஒப்படைப்பார்கள். பெரிய வாக்குச்சண்டை நடக்கும் மாநிலங்களில் இப்படி வட்டாரக் குழுக்கள் ஏராளமாக உருவாயின. மதி, பொறுப்புக் கொடு, சேர்த்துக்கொள் என்ற மூன்று சொற்கள்தான் அவர்களின் களப் பணிக்குக் கொள்கை. ஜூனில் தொலைக்காட்சி அணைந்தபோது இவர்களுக்கு வேலை அணையவில்லை. வாக்காளர் பதிவு அப்போதுதான் தொடங்கியது. நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமைகள் போய்விட்டன, ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்னும் இருந்தது.

ஆகஸ்ட் 28 அன்று டென்வரில் ஒபாமா வேட்பாளராக ஏற்புரை ஆற்றியதைக் கால்பந்து மைதானத்தில் 80,000க்கும் மேற்பட்டோர் நேரில் பார்த்தார்கள், தொலைக்காட்சியில் 3.8 கோடிக்கும் மேற்பட்டோர். எல்லோரும் கூட்டத்தின் அளவைப் பற்றிப் பேசினார்கள். நுழைவுச் சீட்டுக்காகத் தொண்டர் வேலை செய்ய முன்வந்த கொலராடோக்காரர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. நவம்பரில் கொலராடோ அவருக்கு வாக்களித்தது.

பங்காளிச் சண்டை நீண்டதே நல்லதாகப் போனது என்றும் சொல்ல வேண்டும். அந்த வசந்த காலத்தில் கட்சிப் பெரியவர்கள் பலர், ஹிலாரி விலகிக்கொள்ளட்டும், இந்தச் சண்டை கட்சியைக் கெடுக்கிறது என்று கவலைப்பட்டார்கள். அவர் விலகாமல் கடைசி மாநிலம் வரை போட்டியிட்டார். அதனால் பல ஆண்டுகளாக அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி எட்டிப் பார்க்காத இண்டியானா, வட கரோலினா போன்ற இடங்களில் இரண்டு தரப்பும் அலுவலகம் திறக்க வேண்டியிருந்தது, தொண்டர்களைத் தேட வேண்டியிருந்தது. நவம்பரில் ஒபாமா இண்டியானாவை சுமார் 28,000 வாக்குகளில் வென்றார். அங்கே ஜனநாயகக் கட்சி அதற்குமுன் ஜெயித்தது 1964இல். வட கரோலினாவில் வித்தியாசம் சுமார் 14,000 வாக்குகள். அங்கே அதற்குமுன் ஜெயித்தது 1976இல். மே மாதப் போட்டி நடக்காமல் போயிருந்தால் இந்த இரண்டும் கிடைத்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஜான் மெக்கெய்ன் மார்ச் 4 அன்றே குடியரசுக் கட்சியின் வேட்பாளராகிவிட்டார், ஒபாமாவுக்கு மூன்று மாதம் முன்பே. ஓய்வெடுக்கவும் பணம் சேர்க்கவும் அத்தனை நாள். ஆனால் அவர் கூட்டங்களில் சூடே இல்லை. ஆகஸ்ட் 29 அன்று சாரா பேலினைத் துணை வேட்பாளராக அறிவித்ததும் ஒரே வாரத்தில் எல்லாம் தலைகீழானது; செப்டம்பர் முதல் பாதியில் சில கருத்துக்கணிப்புகளில் மெக்கெய்ன் முந்தினார். அந்த வேகம் முழுக்க ஒரு மேடையிலிருந்தும் ஒரு முகத்திலிருந்தும் வந்தது. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து, நாடு வேலையையும் வீட்டுக் கடனையும் பற்றிக் கவலைப்படத் தொடங்கியதும் அதற்குப் போக இடமில்லை. அதே செப்டம்பரில் ஒபாமாவுக்கு வந்த நன்கொடை 15 கோடி டாலர். புதிதாகக் கொடுத்தவர்கள் மட்டும் 6.32 லட்சம் பேர். ஜூனில் அணைந்துவிட்டது என்று பயந்த தீ.

பொருளாதாரம் சரியாமல் இருந்தாலும் ஒபாமா வென்றிருப்பாரா என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நெருக்கடி அவருக்கு உதவியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நேரத்தில் அவருடைய அளந்த பேச்சே பலமானது; ஜூனில் சோர்வு தந்த அதே நிதானம் அக்டோபரில் நம்பிக்கை தந்தது. மெக்கெய்ன் பிரசாரத்தை நிறுத்திவைக்கிறேன் என்று செப்டம்பர் 24 அன்று அறிவித்து, இரண்டு நாளில் விவாத மேடைக்கு வந்தபோது, அமைதியாக நின்றவர் பக்கம் மக்கள் சாய்ந்தார்கள். வேட்பாளர் குளிர்ந்திருக்கலாம், தொண்டர்கள் சூடாக இருந்தால் போதும் என்பதற்கு அந்த ஆறு வாரங்களைவிட நல்ல சான்று இல்லை.

2025இல் நியூயார்க் மேயர் தேர்தலில் இதைச் சின்ன அளவில் மறுபடி பார்த்தோம். 33 வயது சோரான் மம்தானி ஜூன் 24 பிரைமரியில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கோமோவைத் தோற்கடித்தார். நவம்பர் வரை மறுபடி நான்கு மாதத்துக்கும் மேலான இடைவெளி. அவரும் நகர்ந்தார். தொழிலதிபர்களைப் போய்ச் சந்தித்தார். அப்போதிருந்த காவல் ஆணையரையே தொடர வைப்பேன் என்றார். ஆனால் வாடகை உயர்வை நிறுத்துவது, இலவசப் பேருந்து, குழந்தைப் பராமரிப்பு ஆகிய மூன்றையும் ஒரு நாள்கூட விடவில்லை. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அந்த மூன்றையே கதவு கதவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நவம்பரிலும் அவரே வென்றார். 20 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பதிவாயின. 1969க்குப் பிறகு அந்த நகரத்தின் மேயர் தேர்தலில் அவ்வளவு பேர் வாக்களித்ததில்லை.

கமலா ஹாரிஸை நினைத்தால் இன்னொரு பக்கம் தெரிகிறது. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் அவர் தாத்தாவின் ஊர்க்காரர்கள் கோயிலில் வேண்டிக்கொண்ட அந்த 2024 தேர்தலில், ஜூலை 21 அன்று ஜோ பைடன் விலகியதும் 24 மணி நேரத்தில் ஹாரிஸுக்கு 8.1 கோடி டாலர் குவிந்தது. எந்த பிரைமரியிலும் போட்டியிடாமல் வந்த உற்சாகம் அது. தொண்டர்களும் வந்தார்கள், உண்மையாக உழைத்தார்கள். ஆனால் ஒன்றரை ஆண்டு மாநிலம் மாநிலமாகத் தோற்றும் ஜெயித்தும் உருவாகும் வட்டாரக் குழுக்களை 107 நாளில் கட்ட முடியாது. அவர் தோற்றதற்கு விலைவாசி முதற்கொண்டு வேறு பெரிய காரணங்கள் இருந்தன; இது அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

ஒபாமாவுக்கே திரும்புவோம். நவம்பர் 4 அன்று 365 தேர்வாளர் வாக்குகளோடு (மாநில வெற்றிகளை வைத்துக் கணக்கிட்டு அதிபரை முடிவு செய்பவை) வென்றார். கையில் 1.3 கோடி மின்னஞ்சல் முகவரிகள். தளத்தில் 20 லட்சம் பேர். அந்தக் குழுக்களுக்கு என்ன ஆனது? 2009 ஜனவரியில் அந்த அமைப்பை ஆர்கனைசிங் ஃபார் அமெரிக்கா என்று பெயர் மாற்றிக் கட்சியின் தேசியக் குழுவுக்குள் ஒரு பிரிவாக வைத்தார்கள். இனி மேலிருந்து செய்தி வரும், அதன்படி எம்பிக்களுக்குத் தொலைபேசி செய்யுங்கள் என்ற வேலைதான் மிஞ்சியது. தன் தெருவுக்குத் தானே பொறுப்பாக இருந்தவர் மறுபடி பட்டியலில் ஒரு முகவரியானார். 2008இல் ஒட்டுக்கேட்பு மசோதாவுக்கு எதிராகக் கொதித்ததுபோல அவர்கள் கொதிக்கக்கூட அங்கே இடமில்லை. எட்வர்ட் கென்னடி இறந்து காலியான மாசசூசெட்ஸ் செனட் இடத்தை 2010 ஜனவரியில் கட்சி இழந்தது. அந்த நவம்பரில் கீழவையில் 63 இடங்கள் போயின. ஜூனுக்கும் நவம்பருக்கும் நடுவில் அணையும் என்று எல்லோரும் பயந்த சூடு, அப்போது அணையவில்லை. வெற்றிக்குப் பிறகு, வேலை இல்லாமல் அணைந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். 2007 ஜூனில், கருத்துக்கணிப்புகளில் ஹிலாரி வெகுதூரம் முன்னால் இருந்த நாட்களில், தென் கரோலினாவின் கிரீன்வுட் என்ற சிறிய ஊருக்கு ஒபாமா போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் ஆதரவுக்காக வாக்குக் கொடுத்திருந்தார். எங்கிருந்து போனாலும் ஒன்றரை மணி நேரப் பயணம். தூக்கமில்லை, மழை, குடை உடைந்து நனைந்துவிட்டார். போய்ப் பார்த்தால் அறையில் இருபது பேர்தான், அவர்கள் முகத்திலும் களையில்லை. கை குலுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: “ஃபயர்டு அப்?” அறை முழுக்கத் திருப்பிச் சொன்னது. “ரெடி டு கோ?” அதையும் சொன்னது. கொதித்து எழுந்தாயா, கிளம்பத் தயாரா என்று கேட்கும் பழைய உரிமைப் போராட்ட முழக்கம். குரல் கொடுத்தவர் ஈடித் சைல்ட்ஸ், கிரீன்வுட் மாவட்டக் கவுன்சில் உறுப்பினர். விடாமல் சில நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். முதலில் என்ன செய்வதென்று தெரியாமல் தன் உதவியாளர்களைப் பார்த்த ஒபாமா, கொஞ்ச நேரத்தில் தனக்கே வேகம் ஏறுவதை உணர்ந்ததாகப் பிற்பாடு பல மேடைகளில் சொன்னார்.

2008 நவம்பர் 3 இரவு, வாக்குப்பதிவுக்கு முந்தைய கடைசிப் பெருங்கூட்டம் வர்ஜீனியாவின் மனாசஸில். தன்னை வளர்த்த பாட்டி இறந்த செய்தி அன்றுதான் அவருக்கு வந்திருந்தது. பல்லாயிரக்கணக்கான மக்கள் முன்னால் அவர் இந்தக் கிரீன்வுட் கதையைத்தான் முழுக்கச் சொன்னார், மழை, குடை, இருபது பேர் எல்லாவற்றையும். சொல்லி முடித்துவிட்டு அந்த இரண்டு கேள்விகளையும் கூட்டத்திடம் கேட்டார். பதில் வந்தது. மறுநாள் வர்ஜீனியா, 1964க்குப் பிறகு முதன்முறையாக, ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தது.